கடைசிச் சிவப்புப் பந்து

“கீழ,” என்றாள்.

அவர் பந்தை ஒரு கோடு இறக்கினார்.

“இன்னும்... கீழ.”

அவர் கை தயங்கியது.

மகள் பொன்செல்வியின் சக்கர நாற்காலிக்கு முன்னால் சரிவாக நிற்கிறது தடம். நீளவாக்கில் பிளந்த குழாய். அதன் ஓரத்தில் அவரே மஞ்சள் பெயிண்டில் கீழிருந்து மேலாகப் போட்ட பத்துக் கோடுகள். மேல் கோட்டிலிருந்து விட்டால் பந்து வேகமாக இறங்கும், தூரம் போகும். கீழே வர வர வேகமும் தூரமும் குறையும்.

களத்தில் ஒரு வெள்ளைப் பந்து கிடக்கும். ஆளுக்கு ஆறு பந்து; அவளுக்குச் சிவப்பு, எதிராளிக்கு நீலம். வெள்ளைக்கு மிகக் கிட்டத்தில் நிற்கும் பந்து யாருடையதோ, அந்த ஆட்டக்காரருக்குப் புள்ளி.

பொன்செல்வியின் விரல்கள் பிறந்ததிலிருந்தே மடங்கியவை. நெற்றியில் கட்டிய கோல்தான் அவளுக்குக் கை. தடத்தில் பந்தைக் கோலால் மறித்து வைத்திருப்பாள். தலையை நிமிர்த்தினால் பந்து புறப்படும்.

தடத்தைத் திருப்புவதும், அவள் சொல்லும் கோட்டில் பந்தை வைப்பதும் அவர் வேலை. களத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். திரும்பக் கூடாது. பேசக் கூடாது. சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் ஆடும் போச்சியா ஆட்டத்தின் சட்டம் அது.

போன வருடம் திரும்பிவிட்டார்.

அதற்குத் தண்டனையாக எதிராளிக்கு ஒரு பந்து கூடுதலாகக் கிடைத்தது. பொன்செல்வி தோற்றாள். ஊர் திரும்பும் ரயிலில், கோவில்பட்டி தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“எப்பா... ஊர்ல ஓடுத பஸ்ஸுக்கெல்லாம்... பிரேக்கு மாட்டுத. ஒங் கழுத்துக்கு... ஒண்ணு மாட்டக் கூடாதா?”

இருபத்திரண்டு வருடமாகப் பேருந்துப் பணிமனையில் அவருக்கு அந்த வேலைதான்.

இன்று இரண்டு பக்கமும் புள்ளியில் சமம். மிச்சம் இருப்பது அவளுடைய ஒரே ஒரு சிவப்புப் பந்து. வென்றால் மாநில அணியில் இடம். இல்லையென்றால் இன்னொரு வருடம் வீட்டு ஜன்னல்தான்.

முன்பு போன ஐந்து பந்துகளும் ஏழாம் கோட்டிலிருந்து போனவை. இப்போது நான்கைக் கேட்கிறாள். தடத்தையும் இடப்பக்கம் வெகுவாகத் திருப்பச் சொல்லியிருக்கிறாள்.

சற்று முன் எதிராளியின் கடைசி நீலப் பந்து ‘டொக்’கென்று மோதியது கேட்டது. எதில் மோதியது என்று அவருக்குத் தெரியாது. நான்கிலிருந்து விட்டால் பாதி வழியிலேயே நின்றுவிடும் என்பது மட்டும் தெரியும்.

களைத்துவிட்டாளோ.

கோல் நடுங்கிற்று. சொல்ல வாயெடுத்தார். மூடிக்கொண்டார்.

நான்காம் கோட்டில் வைத்தார்.

அவள் தலை நிமிர்ந்தாள்.

குழாய்க்குள் சரசரப்பு. பிறகு தரை.

அவர் கண் மகள் முகத்தில். காது முதுகுக்குப் பின்னால்.

மெருகேற்றிய மரத்தரை. வீட்டுச் சிமெண்டுத் தரையைப் போல முரடு இல்லை. அங்கே எட்டுக் கோடு கேட்கும் தூரத்துக்கு இங்கே ஏழு போதும் என்று காலையிலேயே பார்த்து வைத்திருந்தார். ஆனாலும் எவ்வளவு வழுவழுப்பான தரையும் கொஞ்சம் பிடிக்கத்தான் செய்யும். பந்தும் சும்மா இருப்பதில்லை. தோலுக்குள் பொடிப்பொடி மணிகள். உருளும்போது அடிப்பக்கம் நசுங்குகிறது. மணிகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. ஒவ்வோர் உரசலும் வேகத்திலிருந்து ஒரு கிள்ளு எடுத்துக்கொள்கிறது. யாரும் தடுக்காமலே பந்து தளர்வது அப்படித்தான்.

பேருந்தும் அப்படித்தான். சக்கரத்தை பிரேக் கவ்வும். சக்கரத்தைச் சாலை கவ்வும். நின்றுவிடும். சரியாக நின்ற பேருந்துக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

உரசல் மட்டும் இல்லையென்றால் இந்தப் பந்து போய்க்கொண்டே இருக்கும். சுவர்தான் நிறுத்த வேண்டும்.

நிற்காத பந்துக்குக் குறி ஏது? கை வீச முடியாத ஒருத்திக்கு ஆட்டம் ஏது?

மனதுக்குள் தரைக்கு ஒரு கும்பிடு போட்டார்.

சத்தம் மெலிந்தது.

அவளுடைய கண்மணிகள் பந்தோடு போய்க்கொண்டிருந்தன. மெதுவாக. இன்னும் மெதுவாக.

தோலில் தோல் தொடும் சின்ன ஒலி.

கண்மணிகள் நின்றன.

அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

நடுவரின் காலடிகள் களத்துக்குள் போயின. குனிந்திருப்பார். அளந்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

“சிவப்புக்கு ஒரு புள்ளி. ஆட்டம் முடிந்தது.”

கைதட்டல். எங்கோ ஒரு விசில். பொன்செல்வியின் வாய் கோணிக்கொண்டு முழுதாகச் சிரித்தது.

“சார், இப்ப திரும்பலாம் சார்,” என்றார் நடுவர். “வந்து பாருங்க, ஒட்டிக்கிட்டு நிக்குது.”

அவர் திரும்பவில்லை.

“நீ சொல்லுட்டி,” என்றார் மகளிடம். “எப்படிப் போச்சு?”

அவளுக்கு ஒரு வாக்கியம் முடிய நேரம் பிடிக்கும். வீட்டில் எல்லோரும் பாதியிலேயே புரிந்துகொண்டு மீதியைத் தாங்களே சொல்லி முடித்துவிடுவார்கள். அவரும்தான். அன்பினால்தான்.

“அந்த அண்ணன்... பந்து... வெள்ளைய...”

இடித்து நகர்த்திவிட்டது. வெள்ளை இவள் பக்கமாக, கிட்டத்தில் வந்துவிட்டது. அதனால்தான் இடது. அதனால்தான் நான்கு. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மீதி வாக்கியம் நாக்கு நுனி வரை வந்து நின்றது.

விழுங்கினார்.

நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ம்,” என்றார். “அப்புறம்?”