கைக்கு ஊட்டிய சூப்

"வாயைத் திறங்க மாமா. ஆறிப் போவுது."

இலிங்கா கரண்டியை நீட்டினாள். சிமியோன் வேண்டாவெறுப்பாக வாயைத் திறந்தார். இடது கையால் எடுத்தால் பாதி சட்டைக்குத்தான் போனது.

அக்கா மகள்தான். ஆனாலும் ஆறு வாரமாக நாள் தவறாமல் வந்து ஊட்டிவிட அவளுக்கென்ன தலையெழுத்து? இந்தச் சூப் தனக்கல்ல, தன் வலது கைக்கு என்பது சிமியோனுக்குத் தெரியும்.

கார்பாத்திய மலையடியில் இருந்த அந்த ஊரில் பன்றிக்குக் கத்தி வைக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஒரே குத்து, அப்புறம் வைக்கோல் மூட்டித் தோலைப் பொசுக்குவது, கறி போடுவது எல்லாம் அவர்தான். கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்னால் வரும் இக்னாத் திருநாளன்று அத்தனை வீட்டுப் பன்றியும் அவர் கைக்காகக் காத்திருக்கும்.

அந்தக் கையில் ரம்பம் பாய்ந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து ஊரே அவர் வாசலில்தான் கிடந்தது. ஒருத்தன் விறகு பிளந்தான். ஒருத்தி துணி துவைத்தாள். பக்கத்து வீட்டு கோஸ்தின் வாரம் ஒருமுறை சவரம் செய்துவிட்டான்.

"விரல் மடங்குதாண்ணே?"

"மடங்கும், மடங்கும். இக்னாத்துக்குள்ள சரியாயிடும்."

"சரியாவணும். எம் பன்னி உன்னத் தவிர வேற ஆளக் கிட்ட விடாது. எம் பொண்டாட்டியையே ரெண்டு தடவ கடிச்சிருச்சு."

"அதுக்கு விவரம் இருக்கு."

கோஸ்தின் சிரித்தான். சிமியோன் சிரிக்கவில்லை. கட்டுப் பிரித்து மூன்று வாரமாகியும் விரல்கள் மரக்கட்டையாக விறைத்துக் கிடந்தன. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று தினமும் பல்லால் இழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டார்.

ஊருக்குத் தெரிந்த அன்றைக்கே விறகும் நிற்கும், சூப்பும் நிற்கும். இந்தக் கதவைத் தட்ட ஆள் இருக்காது. மனைவி போனபின் தனியாக இருந்து பழகியவர்தான். ஆனால் இந்த ஆறு வாரத்தில் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

இக்னாத்துக்கு முந்தின நாள், இலிங்கா குனிந்து பூட்ஸ் கயிறு கட்டிவிட்டபோது அவள் தலைத்துணியில் வைக்கோல் பொசுங்கிய வாடை அடித்தது. ஒழுங்காக அடுப்பு மூட்டக்கூடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. கோஸ்தின், இலிங்கா, பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர், எல்லோரும் பனியில் நின்றார்கள்.

சிமியோனுக்கு அலுத்துவிட்டது. எத்தனை நாளைக்குத்தான் இந்தப் பொய்யைச் சுமப்பது? நாற்காலியை விட்டு எழாமலே துணியை அவிழ்த்து எறிந்தார்.

"பாருங்கடா. மடங்காது. மூணு வாரமா உங்கள ஏமாத்திக்கிட்டிருந்தேன். கத்தி பிடிக்கிற ஆள் எவனாவது இருந்தா போய்த் தேடுங்க. நாளையிலேர்ந்து ஒருத்தரும் இங்க வரவேணாம்."

யாரும் நகரவில்லை. கோஸ்தின் குல்லாயைக் கழற்றிக் கையில் கசக்கினான்.

"மடங்காதுன்னு ஆபரேஷன் அன்னிக்கே டாக்டர் எங்கிட்ட சொல்லிட்டார் மாமா" என்றாள் இலிங்கா. "ஊருக்கே தெரியும்."

சிமியோன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"தெரிஞ்சுமா இத்தன நாள் வந்தீங்க? சரி, இப்ப எதுக்கு வந்து நிக்கிறீங்க? பன்னிய எவன் வெட்டுறது?"

இலிங்கா அவருடைய கோட்டை எடுத்து வந்து, விறைத்த கையை மெல்ல உள்ளே நுழைத்தாள்.

"சத்தம் உங்க காதுல விழவேணாம்னு, ஆத்துக்கு அக்கரையில வெச்சு முந்தாநாளே நாங்களே எப்படியோ வெட்டி முடிச்சாச்சு. சாப்பிட வாங்க."