ஹத்பாவின் சுழி

“அம்மா பேரைச் சொல்லு” என்றார் அபூ நாயிஃப்.

“ரப்தா.”

“அவளுக்கு அம்மா?”

“மஸ்னா. அவளுக்கு அம்மா ஷக்ரா...” ஏழு தலைமுறைத் தாய்களையும் மூச்சு விடாமல் ஒப்பித்தான் முத்லக். “அல்லாஹ் மேல ஆணை. ஒரு சொட்டு கலப்பு கிடையாது.”

அப்பன் குதிரையின் பேரை அவர் கேட்கவில்லை. அங்கே யாரும் அதை முதலில் கேட்பதில்லை. பாக்தாத்தில் பந்தயக் குதிரைக்கு வம்சம் பார்த்துச் சொல்லும் தரகர்களில் அபூ நாயிஃபின் வாய்ச்சொல்தான் சாசனம்.

வெள்ளிக்கிழமை கோப்பைப் பந்தயம். முத்லக்கின் பெண்குதிரை ஹத்பாவை வாங்கி ஓடவிட ஸப்ரி பாஷா நேரிலேயே வந்திருந்தார். முத்லக் பெண்டாட்டியைப் பறிகொடுத்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவனுக்கு மிச்சம் ஒரு மகளும் இந்த ஒரு குதிரையும்.

உச்சிப்பொழுது. ஆனால் புழுதிக்காற்று கிளம்பி வானம் செக்கச்செவேலென்று இருட்டிக்கொண்டு வந்தது. லாயத்தில் பகலிலேயே அரிக்கேன் விளக்கு எரிந்தது.

அபூ நாயிஃப் ஹத்பாவின் தாடைக்கு நடுவே கையை மடக்கி வைத்துப் பார்த்தார். “என் முஷ்டி தாராளமா போகுது. இவ ஓடினா மூச்சே வாங்க மாட்டா.”

“காலு?” என்றார் பாஷா.

“இரும்பு. வெள்ளிக்கிழமை இவளை முந்தணும்னா இந்தக் காத்துதான் முந்தணும்.”

பாஷாவின் கை அங்கிப் பைக்குள் போனது. அபூ நாயிஃபின் கை ஹத்பாவின் பிடரி மயிருக்கு அடியில் போனது. போன கை அப்படியே நின்றது.

“விளக்கை இங்க கொண்டா.”

கொண்டுவந்தார்கள்.

“சுழி இருக்கு. திறந்த சவக்குழி” என்றார், குரலை இறக்கி.

பாஷா மூன்றடி பின்னால் போனார். அந்தச் சுழி உள்ள குதிரை, சொந்தக்காரன் வீட்டில் ஓர் உயிரை எடுக்காமல் அடங்காது என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

“காலையிலகூட நான்தானே தேய்ச்சுவிட்டேன்!” முத்லக் கத்தினான். “அங்க சுழியே கிடையாது!”

“சுழி பிறக்கும்போதே இருக்கும் தம்பி. அதுக்கு வேளை வர்றப்பதான் கண்ணுல படும். உன் வீட்டுக்காரிக்கு என்ன ஆச்சு?”

“நல்லாத்தான் இருந்தா... படுத்தா. காலையில எந்திரிக்கல.”

“ம். வீட்டுல இன்னும் யாரு இருக்கா?”

“நூஃபா. ஏழு வயசு.”

அபூ நாயிஃப் சுழியை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அதில்தான் முத்லக் ஆடிப்போனான்.

“இந்தக் குதிரையைக் கூட்டிட்டுப் போங்க! எங்கயாவது கூட்டிட்டுப் போயிடுங்க! எனக்கு இவ வேணாம்!”

“எவன் வாங்குவான்? சரி விடு, நான் வாழ்ந்து முடிச்சவன். நானே கொண்டுபோறேன். ஆனா சும்மா வாங்கறது முறையில்ல, ஒரு கழுதை விலை வச்சுக்க. சாட்சிக்கு பாஷா இருக்கார். மூணு தடவை சொல்லிடு.”

“இவ உங்க குதிரை. இவ உங்க குதிரை. இவ உங்க குதிரை.” சொல்லிவிட்டு அவர் தோளில் முத்தமிட்டு விம்மினான் முத்லக்.

“கமிஷன் போகுதேன்னு பார்க்காம உண்மையைச் சொன்னீங்களே! மனுஷன்னா நீங்கதான்” என்றார் பாஷா, தூரத்திலிருந்தே.

வீட்டு முற்றத்தில் அபூ நாயிஃபின் மனைவி பத்ரியா விளக்கோடு வழிமறித்தாள். சேதி அதற்குள் வந்து சேர்ந்திருந்தது.

“இந்தப் பீடையை எதுக்குங்க இங்க கொண்டுவந்தீங்க?”

அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிச் சிரித்தார். “காலையில ரொட்டிக்குத் தொட்டுக்கிட்டோமே பேரீச்சம்பாகு, அதுல கொஞ்சம் விரல்ல எடுத்து வச்சிருந்தேன். ஒரு தடவு, ஒரு திருகு. அவ்வளவுதான் சுழி! கழுவினா போயிடும். கோப்பை நம்ம வீட்டுலடி.”

“அதுக்காக அவன் பொண்டாட்டி செத்ததைப் போயி...”

“வியாபாரம்டி. வெந்நீர் கொண்டா.”

ஊற்றினார். சீவினார். மயிர் படிந்தது. சீப்பைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தால், சுழி திரும்ப எழுந்து நின்றது.

சோப்புப் போட்டார். அழுத்திச் சீவினார். திரும்ப எழுந்தது.

ஹத்பா அசையவே இல்லை. இரண்டு காதுகளையும் வீட்டு வாசல் பக்கம் திருப்பி, எதையோ கேட்டுக்கொண்டு நின்றாள். வாசலில் யாரும் இல்லை.

“கத்தரியை எடு” என்றார். சிரிப்பு போயிருந்தது.

ஒட்ட வெட்டினார். சவரக்கத்தி வாங்கி மழுங்கச் சிரைத்தார். பத்ரியா விளக்கைக் கிட்டே பிடித்தாள்.

வெறும் தோலில், வரி வரியாக, அதே சுழி.

அவர் கட்டைவிரலை மூக்கருகே கொண்டுபோனார். பாகு வாசம் இல்லை. அப்போதுதான் வெட்டிய மண்ணின் வாசம் அடித்தது.

பத்ரியா விளக்கைத் தரையில் வைத்துவிட்டு மூன்றடி பின்னால் போனாள்.

“ஏங்க... இவ இப்ப யாரோட குதிரை?”