முயல் தாண்டாத ஓடை

காட்டில் யானை நடத்திய வணிகப் பள்ளியில் சேர ஓர் ஓடையைத் தாண்டிக் காட்ட வேண்டும். முயலும் வெள்ளாடும் தாண்டின. இரண்டுக்குமே பின்னங்கால்கள் தண்ணீரில் பட்டுவிட்டன.

"உங்கள் பெயர்களைக் குறித்துவைக்கிறேன், இடம் காலியானால் கூப்பிடுகிறேன். பாடம் தொடங்கும்வரை நீங்கள் மறுபடியும் தாண்டிப் பார்க்கலாம்," என்றது யானை.

வெளியே வந்ததும் வெள்ளாடு, "நான் நாளைக்கே தாண்டப் போகிறேன். நீயும் வாயேன்," என்றது.

"நடு ஓடையில் விழுந்துவிட்டால் இருக்கிற பெயரும் போய்விடும். நான் காத்திருக்கிறேன்," என்றது முயல்.

மறுநாள் வெள்ளாடு நடு ஓடையில்தான் விழுந்தது. நல்லவேளை நாம் போகவில்லை என்று முயல் நினைத்துக்கொண்டது. ஆனால் வெள்ளாடு விடாமல் இன்னொரு நாளும் போய்த் தாண்டியது. அன்றைக்குக் கால் நனையாமல் எதிர்க்கரையில் போய் நின்றது, பள்ளியிலும் சேர்ந்துவிட்டது.

முயலை யாரும் கூப்பிடவில்லை. பாடம் தொடங்கிய அன்று அது யானையிடம் போனது.

"ஐயா, வெள்ளாடு ஒருமுறை விழுந்ததே, அதைக் கணக்கில் எடுக்கவில்லையா?"

"எத்தனை முறை தாண்டினாலும் நல்ல தாண்டலை மட்டும்தான் பார்ப்போம்."

"அது எனக்குத் தெரியாதே."

"நீ கேட்கவில்லையேப்பா," என்றது யானை வருத்தத்தோடு.

முயல் ஓடைக்கரைக்குப் போனது. அங்கே யாருமில்லை. என்ன நினைத்ததோ, ஓடிவந்து ஒரே தாவாகத் தாவியது. எதிர்க்கரையில், தண்ணீரை விட்டு நன்றாகத் தள்ளி, புல்லில் போய் விழுந்தது. எழுந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தது.