சேர்ந்து உண்பவர்கள்

அந்த வருடங்களில் தூத்துக்குடியில், ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அரசிடமிருந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உணவுப் பொட்டலம் வந்துகொண்டிருந்தது. பல்கலைக்கழகத்தில் உணவு, சுகாதாரப் பொருளாதாரம் படித்த ஜெனிட்டா, அதனால் நோய் எவ்வளவு குறைந்தது என்று ஆய்வு செய்தாள். எல்லாருக்கும் உடம்பு தேறியிருந்தது. ஒருவர் மட்டும் மெலிந்துகொண்டே போனார். பெயரைப் பார்த்தால், அவளுடைய அப்பா சவரிமுத்து.

மதியமே வீட்டுக்கு ஓடினாள். சிறுநீரகம் பழுதான அம்மா ரோசம்மாளோடு அப்பாவும் உப்பில்லாத கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வந்த மீன் குழம்பு பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தது.

"ஏம்ப்பா இப்படிப் பண்ணுதீங்க?"

"அவ கஞ்சி குடிக்க, நான் எதுத்தாப்புல உக்காந்து சீலா மீனுக்கு முள்ளு எடுக்கவா? தொண்டையில எறங்காதும்மா."

"நான் சொன்னா கேக்க மாட்டேங்காவ," என்றாள் அம்மா, வெட்கத்தோடு.

ஜெனிட்டா ஆய்வின் பரிந்துரையை மாற்றினாள். உணவைத் தனி ஆளுக்கு அல்ல, சேர்ந்து உண்பவர்களுக்குத் தீர்மானிக்க வேண்டும் என்று எழுதினாள். ஆய்வுக் குழு மூன்று முறை திருப்பி அனுப்பியது. நான்காம் முறை, நூறு வீடுகளில் செய்து பார்க்க ஒப்புக்கொண்டது.

அந்த நூறில் அவர்கள் வீடும் ஒன்று. முதல் பொட்டலத்தில் இருவருக்கும் ஒத்துக்கொள்ளும்படி உப்புக் குறைத்த மீன் குழம்பு வந்தது. ஒன்றரை வருடம் கழித்து மீனை வாயில் வைத்த ரோசம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"கொழம்பு சுமாருதான்," என்றாள். "அப்பாவுக்கு இன்னொரு துண்டு வை."