கோடைக்கு ஒரு கொலை மிரட்டல்

கோடை வந்துவிட்டால் மற்ற பாடகர்களின் மேனேஜர்கள் போனைத் தலைமாட்டில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். நம் மேனேஜருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெயிலுக்குப் பயந்து ஊரே வீட்டுக்குள் முடங்கும் மாதத்தில்தான் அரங்க வாடகை பாதியாகும், போட்டிக்கும் ஆள் இருக்காது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அந்தக் கண்டுபிடிப்புக்குத் தொண்டை கொடுப்பவள் அவருடைய மச்சினி.

"அத்தான், ஒரு மாசம் பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மீறினா குரலே போயிடுமாம்" என்று அவள் காற்றாகச் சொன்னபோது, மேனேஜர் போஸ்டரில் அவள் முகத்தை இன்னும் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உன்னை யாரும்மா பேசச் சொன்னா? பேசாதே. பாடு, போதும்."

"அக்காகிட்டயாவது ஒரு வார்த்தை..."

"தேதி குடுத்ததே உங்க அக்காதான்!"

முதல் ஊரில் டிக்கெட் கவுண்டர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் அரங்கத்து ஆபீசுக்கு அந்தப் போன் வந்தது. கரகரத்த குரல். "அந்தப் பொம்பள மேடை ஏறினா உயிரோட இறங்க மாட்டா. கச்சேரியை நிறுத்துங்க."

பாடகி அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எல்லாக் கச்சேரியையும் ரத்து செய்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். மேனேஜர் அவள் தலையைத் தடவிக்கொடுத்து, கண்ணைத் துடைத்துவிட்டு, நேரே பத்திரிகை ஆபீசுக்குப் போனார். மறுநாள் கொட்டை எழுத்தில் செய்தி வந்தது: 'உயிரைப் பணயம் வைத்துப் பாடுகிறார்!' பாட்டுக்கு வராத கூட்டம் கொலைக்கு வந்தது. நாற்காலி கிடைக்காதவர்கள் படியில் உட்கார்ந்தார்கள்.

அடுத்த ஊருக்கும் மிரட்டல் வந்தது, அங்கேயும் அரங்கம் நிரம்பி வழிந்தது. மூன்றாவது ஊருக்கு மிரட்டல் வருவதற்கு முன்பே மேனேஜர் பெரிய அரங்கமாகப் பார்த்துப் பிடித்து வைத்திருந்தார். மிரட்டலை விசாரித்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டருக்கு மூக்கில் வியர்த்தது.

கச்சேரியன்று அவர் ஒப்பனை அறைக்கே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாடகி அவருக்குக் கும்பிடு மட்டும் போட்டுவிட்டு, ஆவி பிடிக்கக் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

"சுத்தி வளைக்காம கேக்கறேன் சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "இந்த மிரட்டலால லாபம் உங்களுக்கு மட்டும்தான். எவனை வச்சுப் பேச வைக்கறீங்க?"

"அபாண்டம் சார்! அது எனக்கு மக மாதிரி."

"மகளைக் கொல்லப் போறாங்கன்னு போஸ்டர் அடிப்பீங்களா?"

"அது பொதுமக்களுக்கு ஒரு எச்சரிக்கை சார்."

அதற்குள் மேனேஜரின் போன் அடித்தது. தெரியாத எண். இன்ஸ்பெக்டர் வெடுக்கென்று அதைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"கடைசியா சொல்றேன்" என்றது அந்தக் கரகரத்த குரல். "இன்னைக்கு அவ பாடினா பொணமாத்தான் வீட்டுக்குப் போவா. நிறுத்திடு."

மேனேஜர் போன் பக்கம் குனிந்தார். குரலில் தேன் ஒழுகியது. "தம்பி, இன்னைக்கு ஹவுஸ்ஃபுல். அடுத்த வாரம்தான் கொஞ்சம் டல்லடிக்குது. அந்த ஊருக்கும் இப்படியே அழுத்தமா ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

மறுமுனையில் போன் கட்டாகிவிட்டது.

"என் எதிர்லயே ஆர்டர் குடுக்கறீங்களா?" இன்ஸ்பெக்டர் மேனேஜரின் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். "நடங்க ஸ்டேஷனுக்கு. அவன் யாருன்னு அங்க வந்து சொல்லுங்க."

மேனேஜர் அதற்கெல்லாம் அசரவில்லை. வாசலில் நின்ற போட்டோக்காரரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக் காட்டினார். போகிற போக்கில் குளியலறைக் கதவையும் தட்டினார்.

"அம்மாடி, நேரமாச்சு, மேடைக்குப் போ! அத்தான் ஜெயிலுக்கே போனாலும் கச்சேரி நிக்காது!"

உள்ளே, கொட்டுகிற குழாயடியில் நின்றிருந்த பாடகி, கையிலிருந்த போனைத் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டு, "இன்னும் எப்படித்தான் அத்தான் உங்களை மிரட்டறது?" என்று, கட்டிப்போன தொண்டையின் அதே கரகரத்த குரலில் விசும்பினாள்.