வலி வரும் நாள்

உள்ளேயிருந்து புருஷன் போட்ட அலறலைக் கேட்டதும், தைலச் சட்டிக்கு அடியில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்த சத்தியபாய் வாய்விட்டுச் சிரித்தாள்.

முற்றத்தில் நின்ற அவள் அண்ணன் ஆபேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏட்டி, அவன் உயிர் போற மாதிரி கத்துகான். ஒனக்குச் சிரிப்பு வருதா?"

"கத்தட்டும் அண்ணா. நல்லாக் கத்தட்டும்" என்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

அவளைக் குறை சொல்ல முடியாது. பனையிலிருந்து விழுந்த புருஷன் ஏசுஅடிமையை இங்கே கட்டிலோடு தூக்கிவந்த அன்றே வர்ம வைத்தியர் தாணுலிங்கம் ஆசான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். "மொதல்ல கட்டு. பொறவு தடவல். அது வரைக்கும் இடுப்புக்குக் கீழ மரக்கட்டையாத்தான் கெடக்கும், பயப்படாத. என்னைக்கு நான் குதிகாலை அமுக்கி இவன் அலறுகானோ, அன்னைக்கு இவன் எழும்பி நடப்பாண்ணு வச்சுக்கோ."

ஆசானிடம் கறார் வேறு அதிகம். உப்பும் புளியும் ஆகாது. சூட்டோடு தைலம் தொடாமல் நோயாளியின் உடம்பில் விரல் வைக்கமாட்டார். அந்த விரல் போகும் இடத்தைப் பெண்டாட்டியே ஆனாலும் பார்க்கக் கூடாது, ஓலைத் தட்டிக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

ஆடி போய் ஆவணியும் பாதி போயிற்று. கால்கள் அசையவில்லை. பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருக்கும் ஆபேல் நேற்று வாடகை மாட்டுவண்டியோடு வந்து இறங்கினான்.

வந்தவன் நோயாளியின் காது கேட்கவே பேசினான். "நாளைக்குத் தடவல்லயும் வலி வரல்லேண்ணா நீ எங்கூட வண்டியில ஏறணும். அவன அவன் அக்கா பாத்துக்கிடுவா. கட்டைக்குக் காவல் இருக்கவா அப்பா ஒன்னக் கெட்டிக் குடுத்தாரு?"

சத்தியபாய் புருஷனைப் பார்த்தாள். போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணன் காலைப் பிடித்தாவது நின்றுவிடுவாள். ஏசுஅடிமை சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"போ சத்தியா. நான் தடுக்கல்ல."

அந்தச் சொல்தான் அவளைக் கொன்றது. அழுதுகொண்டே துணியை மூட்டை கட்டினாள். விடிந்ததும் ஆபேல் அதை எடுத்து வண்டியில் வைத்துவிட்டான்.

இப்போது தட்டிக்குப் பின்னாலிருந்து இரண்டாவது அலறல். முதலாவதைவிடப் பெரியது.

"வலி வந்துட்டு அண்ணா. காலுக்கு உயிர் வந்துட்டு."

ஆபேல் கங்காணிதான், கல் நெஞ்சுக்காரன் இல்லை. வண்டியிலிருந்து மூட்டையை எடுத்து அவள் காலடியில் வைத்தான்.

"இனி நான் கூப்பிடமாட்டேன். அவன எழுப்பி நடத்திட்டு, ரெண்டு பேருமா பீர்மேட்டுக்கு வாங்க."

வண்டி தெருமுனை திரும்பிச் சலங்கைச் சத்தம் ஓய்கிற வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள். பிறகுதான் சட்டியை இறக்கினாள். தைலத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு தட்டியருகே ஓடினாள்.

"வண்டி போயாச்சா?" உள்ளேயிருந்து ஏசுஅடிமையின் குரல் கேட்டது.

"போயாச்சு. ரொம்ப வலிச்சுதா?"

தட்டி விலகியது. கிண்ணத்தை வாங்கிக்கொள்ள ஆசான் இரண்டு கைகளையும் நீட்டினார். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் இன்னும் அவன் கால்ல கை வைக்கல்ல மக்கா."