தேதி எழுதிய தாள்

தம்பியின் ஆபரேஷனுக்காகப் புருஷனின் கல்யாண வாட்சைச் சத்தமில்லாமல் விற்றுவிட்டு, அச்சு அசலாக ஒரு டூப்ளிகேட்டை பீரோவுக்குள் வைத்த நாளிலிருந்து, அந்த பீரோ திறக்கிற சத்தம் கேட்டாலே கோதைக்குக் கைவேலை நின்றுவிடும். அதே மாடலில் ஒரு ஒரிஜினலை வாங்கி மாற்றி வைத்துவிட வேண்டும். பழைய பொருள் விற்கிற ஆப்பில் மாதக்கணக்காகத் தேடித் தேடி, போலியைக் கண்டுபிடிப்பதில் கைதேர்ந்துவிட்டாள். எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். நொடிமுள் வழுக்கிக்கொண்டு போகாமல் துள்ளித் துள்ளிப் போகும்.

இன்று காலை, குழம்பு கொதிக்கும்போது ஒன்று அகப்பட்டது. இதே ஊர். அவளைப் போலவே பேர் போடாத ஆள். படம் மட்டும் மங்கல்.

“ஒரிஜினல்தானுங்களா?” என்று அனுப்பினாள்.

“சத்தியமா ஒரிஜினலுங்க. மாமனார் வீட்ல போட்டது” என்று பதில் வந்தது.

இந்த ஊரில் மாமனார் போடாத வாட்ச் ஏது என்று நினைத்துக்கொண்டாள். படமே எங்கிருந்தாவது சுட்டதாக இருக்கும். “ஒரு பேப்பர்ல இன்னிக்குத் தேதிய எழுதி, வாட்ச் பக்கத்துல வச்சு, புதுசா ஒரு படம் எடுத்து அனுப்புங்க” என்று கேட்டாள்.

“ரெண்டு நிமிசமுங்க.”

கரண்டியை எடுத்துக் குழம்பைக் கிளறினாள். உள்ளே பீரோ திறக்கிற சத்தம் கேட்டது.

“கோதை” என்று அறையிலிருந்து புருஷன் கூப்பிட்டான். “வீட்ல வெள்ளப் பேப்பர் எங்க இருக்குது?”